ரோஜாக் கன்றுக்கு முதல் மூன்று மாதம்

தை, மாசியில் பன்னீர் ரோஜா நட்ட நண்பர்கள், பங்குனி பிறந்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "செடி நல்லா துளிர்த்துச்சு, மொட்டுகூட வச்சுது, இப்ப திடீர்னு காயுதே, என்ன உரம் போடலாம்?"

எந்த உரமும் போட வேண்டாம் என்பதுதான் என் பதில். 130 செடிகளைப் பறிகொடுத்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற மறுவருடம், திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள எங்கள் நிலத்தில் 20 சென்ட்டில் 400 கன்றுகள் நட்டேன். சித்திரை முடிவதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நோய் வந்து போகவில்லை, என் அவசரத்தால் போனது.

துளிர் வேறு, வேர் வேறு

குச்சி வைத்து வளர்த்த கன்று, குச்சிக்குள் இருக்கும் சேமிப்பை வைத்தே முதலில் துளிர்த்துவிடும். அதைப் பார்த்து வேர் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் வேர் இன்னும் பையில் இருந்த செம்மண் கட்டியைத் தாண்டியிருக்காது. வெயில் ஏற ஏற இலை கேட்கும் தண்ணீரை அந்தச் சின்ன வேரால் கொடுக்க முடியாது. அந்த நேரத்தில் மொட்டும் வந்தால் செடி எதைத்தான் காப்பாற்றும்?

குழியில் செய்த தப்பு

ஒன்றரை அடிக் குழி, 2 மீட்டருக்கு 1 மீட்டர் இடைவெளி, ஏக்கருக்கு 2,000 செடி. இதையெல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் குழிக்கு 10 கிலோ போட்ட எருவில் பாதி மக்காதது. குப்பைக்குள் கையை விட்டால் சூடாக இருந்தாலும், சாணி நாற்றம் அடித்தாலும் அது இன்னும் எரு ஆகவில்லை. அதைப் போட்டால் வேர் வெந்துபோகும், கரையானும் வேர்ப்புழுவும் வந்து சேரும். நன்றாக மக்கிய எருவோடு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேர்த்துக் குழியை ஆறவிட்டு நடுங்கள். ஒட்டுச்செடி என்றால் ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் தளிரை உடனே கிள்ளிவிடுங்கள். அது வளர்ந்தால் ஒட்டு நலிந்துபோகும்.

தண்ணீர்

வேர் பிடிக்கும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒருமுறை. சுற்றி மண் ஈரமாக இருக்கும், நடுவில் அந்தச் செம்மண் கட்டி மட்டும் காய்ந்து கிடக்கும். அதனால் முதல் மாதம் தூரை ஒட்டியே தண்ணீர் போகட்டும். அப்புறம் ஒரு சாண் தள்ளி விட்டால் வேர் தண்ணீரைத் தேடி வெளியே வரும்.

மதியம் இலை தொங்கிச் சாயங்காலம் நிமிர்ந்தால் பயமில்லை, அது வெயில் செய்கிற வேலை. காலையிலேயே தொங்கினால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். சதசதவென்று இருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள், வேர் மூச்சுவிட முடியாமல் அழுகத் தொடங்கியிருக்கும்.

மூடாக்கும் நிழலும்

கரும்புத்தோகை, கடலைப்பொட்டு, சருகு என்று எது கிடைத்தாலும் தூரைச் சுற்றிப் போடுங்கள். தண்டில் ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். முதல் 15 நாள் மேற்குப் பக்கம் ஒரு துண்டுத் தென்னங்கீற்றைச் செருகி வைத்தால் பிற்பகல் வெயில் நேராகத் தாக்காது.

மொட்டைக் கிள்ளுங்கள்

இதுதான் கஷ்டம். எனக்கும் மனசு வரவில்லை. இரண்டாம் மாதமே நாற்பது, ஐம்பது பூ வந்தது, பெருமையாகப் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சார், கன்னுக்குட்டிய யாராச்சும் ஏர்ல பூட்டுவாகளா?"

சுருக்கென்றது. தோட்டப்பயிருக்குக் கடன் கொடுத்தால் காய்ப்புக்கு வரும்வரை தவணை கேட்காமல் அவகாசம் கொடுப்பது வங்கியில் வழக்கம். அதை எத்தனையோ விவசாயிகளுக்கு விளக்கிச் சொன்னவன் நான். என் சொந்தச் செடியிடம் மட்டும் இரண்டாம் மாதமே வசூலுக்குப் போயிருக்கிறேன்!

மொட்டு பட்டாணி அளவு வரும்போதே நகத்தால் கிள்ளிவிடுங்கள். இலையோடு சேர்த்து ஒடிக்காதீர்கள், இலைதான் செடிக்கு அடுப்படி. அடியில் இருந்து பென்சில் கனத்தில் மூன்று, நான்கு புதுக்கிளை வரும்வரை, அதாவது ஏறக்குறைய மூன்று மாதம், இதே வேலைதான். நுனி கருகிய குச்சி இருந்தால் பச்சை தெரியும் இடம்வரை சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் சாணத்தைக் குழைத்துத் தடவுங்கள். ஒவ்வொரு செடிக்கும் கத்தரியைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது ஊட்டம்?

குழியில் போட்ட எருவே முதல் மாதத்துக்குப் போதும். அதன்பிறகு 15 நாளுக்கு ஒருமுறை ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தத்தைப் பாசனத்தோடு விடலாம். பஞ்சகவ்யாவை 10 லிட்டர் தண்ணீருக்கு 200 மில்லிக்கு மேல் போக வேண்டாம், இளம் இலை தாங்காது.

தினமும் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நுனி சுருண்டால் இலைப்பேன் அல்லது அசுவினி. 10 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் தெளித்தால் கட்டுப்படும். இலை வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செம்பேன். அதற்கு முதல் மருந்து, அடி இலையில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதுதான். நட்ட சில வாரத்தில் கீழ் இலை நான்கைந்து பழுத்து விழுந்தால் பதற வேண்டாம், அது சகஜம்.

மறுவருடம் காலி இடத்தில் 130 கன்றுகளை இப்படித்தான் நட்டேன். 9 மட்டுமே போயின. பன்னீர் ரோஜா முதல் வருடமே பூத்தாலும் நல்ல மகசூல் இரண்டாம் வருடத்தில் இருந்துதான். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடம்வரை பூக்கும். இந்தப் பங்குனியில் கிள்ளிப்போடும் பத்துப் பூவைக் கணக்குப் பார்த்தால் அந்தப் பத்து வருடத்தை இழப்போம். நாளைக் காலையில் தோட்டத்துக்குப் போனதும் முதலில் மொட்டைத் தேடுங்கள்.