சுவரில் தொங்கிய படம்

கடலூருக்கு ரயிலில் வரும் வெளியூர்க்காரர்கள் ஒரு தவறு செய்வதுண்டு. 'கடலூர்' என்று பெயரைக் கண்டதும் துறைமுகம் ஜங்ஷனில் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கிவிடுவார்கள். அவர்கள் தேடி வந்த பாடலீசுவரர் கோயிலும் கடைவீதியும் சில மைல்களுக்கு அப்பால் இருக்கும். அங்கே இறங்குவதற்கான ஸ்டேஷனுக்கு ரயில்வேக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் திருப்பாதிரிப்புலியூர். பஸ்காரருக்கு அதே ஊர் வெறும் 'கடலூர்'. பழைய ஆசாமிகளுக்கு 'புது நகரம்', சுருக்கமாக 'என்.டி.'

உள்ளூர்க்காரருக்கு இதில் குழப்பமே கிடையாது. படம் அவர் மண்டைக்குள் இருக்கிறது. கஷ்டம் என்னவென்றால், அவர் மண்டைக்குள் மட்டும் இருக்கிறது!

பெரிய கம்பெனிகளின் கதையும் இதுதான். விற்பனை இலாகாவில் 'வாடிக்கையாளர்' என்று இருப்பவர், கணக்கு இலாகாவில் 'கடன்தாரர்' என்று வேறு எண்ணில் இருப்பார். சரக்கு அனுப்பும் இலாகாவில் அவர் வெறும் விலாசம். மூவரும் ஒருவரே என்பது பழைய குமாஸ்தா ஒருவருக்குத்தான் தெரியும். அவர் ரிடயரானால் அந்த ஞானமும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

இந்த ஞானத்தைக் காகிதத்தில் இறக்கி வைப்பதற்கென்றே ஒரு சாஸ்திரம் தோன்றியிருக்கிறது. 'எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்' என்று அதற்குப் பெயர். நிறுவனத்தில் என்னென்ன வேலைகள் நடக்கின்றன, எந்தக் கம்ப்யூட்டர் புரோகிராம் எந்த வேலையைத் தாங்குகிறது, எந்தத் தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் படங்கள். 1987-ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த ஜான் ஜாக்மன் என்பவர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து இதன் கதையைத் தொடங்குவது வழக்கம். வீடு கட்டும் வேலையை அவர் உதாரணம் காட்டினார். வீட்டுக்காரருக்கு ஒரு படம், கட்டுகிற மேஸ்திரிக்கு வேறொரு படம். வீடு ஒன்றே ஆனாலும் பார்க்கிறவருக்குத் தக்கபடி படம் மாற வேண்டும் என்பது அவர் கட்சி. இந்த ஒரு வரியைத்தான் பிற்பாடு வந்தவர்கள் சௌகரியமாக மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுப் பிளான் கேட்ட உறவினர்கள்

என் நண்பர் ஒருவர் திருப்பாதிரிப்புலியூர்க்காரர். சென்னையில் ஒரு கம்பெனியில் 'ஆர்க்கிடெக்ட்' உத்தியோகம். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவரைக் காணப் போயிருந்தேன். திண்ணையில் இருந்த அவருடைய தகப்பனார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாங்க தம்பி! இவன் ஆர்க்கிடெக்ட் என்று கேள்விப்பட்டு ஊரிலே நாலு பேர் வீட்டுக்குப் பிளான் போட்டுத் தரச் சொல்கிறார்கள். இவன் ஒரு செங்கல் கூட வைத்தவனில்லை என்று யாரிடம் சொல்வது?"

நண்பர் சிரிக்கவில்லை. அவருக்கு அப்போது போதாத காலம். ஒன்றரை வருஷம் உழைத்து, கம்பெனியின் அத்தனை புரோகிராம்களையும் கட்டம் கட்டமாக வரைந்து, அம்புக்குறி போட்டு இணைத்திருந்தார். டைரக்டர்கள் பார்த்தார்கள். "பிரமாதம்!" என்றார்கள். ஒரு பெரிய பிரதியைச் சட்டம் போட்டு மீட்டிங் ஹாலில் மாட்டினார்கள். அதோடு சரி.

பிறகு சிக்கன நடவடிக்கை வந்தது. 'இது யாருக்கும் பயன்படவில்லை' என்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றை நிறுத்தினார்கள். ஏஜெண்டுகளுக்குத் தரும் தள்ளுபடி விகிதங்கள் ஒவ்வொரு இரவும் அதிலிருந்துதான் பில் போடும் புரோகிராமுக்குப் போய்க்கொண்டிருந்தன. மறுநாள் முதல் பில்கள் தள்ளுபடி இல்லாமலே போயின. ஏஜெண்டுகள் டெலிபோனில் கொதித்தார்கள். அந்த அம்புக்குறி மீட்டிங் ஹால் சுவரில் தெளிவாகவே இருந்தது; அதன் கீழே உட்கார்ந்துதான் நிறுத்துவதென்று தீர்மானித்தார்கள்!

ஆனால் வந்த கோபம் நண்பர் மேலேயே திரும்பியது. "இவ்வளவு சம்பளம் கொடுத்துப் படம் வரைய வைத்தோமே, என்ன பிரயோஜனம்?" அடுத்த ஆட்குறைப்பு ஜாபிதாவில் தம் பெயர் இருக்கும் என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"மேலிடத்தில் உத்தரவு போட்டால் எல்லோரும் படத்தைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்?" என்று கேட்டேன்.

"உத்தரவு போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் ஸார்" என்றார் அவர்.

உண்மைதான். அமெரிக்க சர்க்கார் 1996-ல் சட்டமே இயற்றியது. ஒவ்வொரு இலாகாவின் தகவல் அதிகாரியும் இத்தகைய அமைப்பை வகுத்துப் பராமரிக்க வேண்டும் என்பது அதில் ஒரு கடமை. அதன் பிறகும், சட்டம் வந்து வருஷங்கள் கழித்து, அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் திரும்பத் திரும்பக் குறைப்பட்டது: படம் வரைகிறார்கள், அதைக் கொண்டு காரியம் நடத்துவது போதாது என்று. நம் நாட்டிலும் மத்திய மின்னணு அமைச்சகம் 2018-ல் 'இண்டியா' என்ற பெயரில் அரசு இலாகாக்களுக்கான சட்டகம் ஒன்றை வெளியிட்டது. ஆந்திரம் அதற்கு முன்பே 'இ-பிரகதி' என்ற திட்டத்தில் மாநிலம் முழுமைக்கும் இதைச் செய்யப் புறப்பட்டது. புத்தகம் போடுவது ஒரு காரியம். மேஜைக்கு மேஜை அதைப் புரட்ட வைப்பது வேறு காரியம்.

'தானே' கற்பித்த பாடம்

கடலூர்க்காரர்களுக்கு இந்தச் சங்கதியை விளக்க அம்புக்குறி தேவையில்லை. 2011 டிசம்பர் 30-ம் தேதி காலை 'தானே' புயல் இங்கே கரை கடந்தது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கரண்டு போனால் விளக்குத்தானே போகும் என்று இருந்தவர்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது: மோட்டார் ஓடாததால் மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை, செல்போன் கோபுரம் ஊமையாயிற்று, பாங்க்கில் பணம் இருந்தும் எடுக்கிற யந்திரம் இயங்கவில்லை. எது எதைத் தாங்கி நிற்கிறது என்ற படத்தை ஊர் முழுவதும் இருட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தது. விழுவதற்கு முன்பே அதைக் காட்டத்தான் இந்தப் படங்கள்.

படம் சரியாகப் பயன்பட்டால் லாபம் உண்டு என்பதற்கும் நம் மாநிலத்தில் சாட்சி இருக்கிறது. நிலம் வாங்கினால் பத்திரம் பதிவது ஒரு இலாகா. பட்டா கொடுப்பது வேறு இலாகா. ஜனங்கள் இரண்டுக்கும் நடையாய் நடந்தார்கள். பதிவுத்துறை 2018-ல் 'ஸ்டார் 2.0' முறையைக் கொண்டுவந்தது. பதிவுத்துறைக் கம்ப்யூட்டரும் வருவாய்த்துறைக் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளத் தொடங்கின. உட்பிரிவு செய்ய வேண்டியிராத நிலங்களுக்குப் பதிவைத் தொடர்ந்து பட்டா தானாகவே மாறுவதற்கு வழி பிறந்தது. இந்தச் சர்வே எண்ணும் அந்தச் சர்வே எண்ணும் ஒன்றே என்று இரண்டு இலாகாவும் ஒப்புக்கொள்ளாமல் இது நடக்காது. அலுப்புத் தட்டும் வேலைதான். ஆனால் அதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கணக்கரின் கேள்வி

சில மாதங்கள் கழித்து நண்பரை மறுபடி சந்தித்தேன். முகத்தில் தெளிவு இருந்தது. வேலை போகவில்லை.

"படம் வரைவதை நிறுத்திவிட்டேன் ஸார்" என்றார்.

நேரே தலைமைக் கணக்கரிடம் போய், "உங்களுக்கு ராத்தூக்கம் கெடுக்கிற கேள்வி எது?" என்று கேட்டாராம். "வருஷா வருஷம் இத்தனை லைசென்ஸுக்குப் பணம் கட்டுகிறோமே, எதை யார் உபயோகிக்கிறார்கள்?" என்றார் கணக்கர். நண்பர் தம் பெரிய படத்திலிருந்து ஒரே ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு போனார். சின்னங்கள் இல்லை, அம்புகள் இல்லை. இலாகாவின் பெயர், புரோகிராமின் பெயர், பணம், அவ்வளவுதான். ஒரே காரியத்துக்கு இரண்டு இலாகாக்கள் இரண்டு புரோகிராம் வாங்கியிருந்தது பளிச்சென்று தெரிந்தது. அன்றே ஒன்று நின்றது. அடுத்த வாரம் கணக்கர் தாமாகவே கூப்பிட்டு வேறொரு கேள்வி கேட்டார்.

பிறகு கணக்கரும் அவரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். புதிதாக எந்தப் புரோகிராம் வாங்கப் பணம் கேட்டாலும், பழையதை நிறுத்துவதானாலும், ஒரு பக்கம் இணைத்தாக வேண்டும்: இது எவற்றைத் தொடுகிறது? அந்தப் பக்கம் இல்லாமல் கணக்கர் கையெழுத்துப் போட மாட்டார். இலாகாக்காரர்கள் தங்கள் காரியத்துக்காகவே படத்தைத் திருத்தித் தந்தார்கள். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் பொறுப்பாளர் பெயரும், கடைசியாகச் சரிபார்த்த தேதியும் ஏறின. தேதி பழசானால் கட்டம் சிவப்பாகிவிடும். தம் பெயர் சிவப்பில் நிற்க எந்த மானேஜருக்குப் பிடிக்கும்?

"சுங்கச்சாவடி மாதிரி எல்லோரையும் நிறுத்தி வைப்பீர்கள் போலிருக்கிறதே?" என்றேன்.

"அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இரண்டு நாளில் பதில் சொல்லாவிட்டால் நான் சம்மதித்ததாக அர்த்தம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்."

இது கெட்டிக்காரத்தனம். அவருக்கு முன் அந்த உத்தியோகத்தில் இருந்தவர் இதைச் செய்யாமல்தான் எல்லோருடைய விரோதத்தையும் சம்பாதித்தாராம்.

மீட்டிங் ஹால் படம் என்னவாயிற்று என்று கேட்டேன். வெள்ளையடித்தபோது கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒரு குறை மட்டும் பாக்கி. சம்பள இலாகாவின் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அங்கே இருக்கும் அதிகாரி பழைய மனிதர். எல்லாம் தம் மண்டையில் இருப்பதாகச் சொல்கிறார். இன்னும் எட்டு மாதத்தில் அவர் ரிடயராகிறார். "திங்கட்கிழமை காலை முதல் வேலை அவரிடம்தான்" என்று சொல்லிவிட்டு, திருப்பாதிரிப்புலியூர் பிளாட்பாரத்தில் சென்னை ரயிலுக்காகப் பையைத் தூக்கிக்கொண்டார் நண்பர்.