தண்ணீரில் கள்ளச்சாவி: ஈஸ்ட் காட்டும் எச்சரிக்கை

கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் கார அமில நிலை, உப்பின் அளவு, சோடியம் என்று அறிக்கை வரும். பாசனத்துக்கு அது போதும். ஆனால், உடலின் ஹார்மோனைக் குழப்பும் பொருள் அந்த நீரில் இருக்கிறதா என்பதை அறிக்கை சொல்லாது. அதற்கு வேறு சோதனை இருக்கிறது.

ஹார்மோன் ஒரு சாவி. செல்லில் அதற்கென ஒரு பூட்டு உண்டு. பருவமடைவது, கருத்தரிப்பது, கருவில் குழந்தை வளர்வது எல்லாம் அந்தச் சாவி உரிய நேரத்தில் திரும்புவதால் நடப்பவை. சில ரசாயனங்கள் கள்ளச்சாவியாக அந்தப் பூட்டில் நுழைந்துவிடும்.

இதைக் கண்டறிய, ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டே உதவுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனுக்கான பூட்டை உருவாக்கும் மனித மரபணுவை ஈஸ்டுக்குள் சேர்த்திருப்பார்கள். நீரில் கரைந்துள்ள பொருட்களைச் செறிவாக்கி, மஞ்சள் சாயத்துடன் அந்த ஈஸ்டில் கலப்பார்கள். கள்ளச்சாவி இருந்தால் ஈஸ்ட் ஒரு நொதியைச் சுரக்கும், மஞ்சள் சிவப்பாகிவிடும்.

இங்கிலாந்தில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் நீர் கலக்கும் இடங்களில் ஆண் ட்ரவுட் மீன்களைக் கூண்டில் விட்டுப் பார்த்தார்கள். பெண் மீனுக்கு வரவேண்டிய முட்டைக்கருப் புரதம் அவற்றின் ரத்தத்தில் இருந்தது. கழிவுநீரைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஈஸ்டில் சோதித்ததில், மனிதர்களின் சிறுநீரில் வெளியேறும் ஹார்மோன்களும் கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனும் முக்கியக் காரணம் என்று 1998இல் தெரிந்தது. யார்க்ஷயரின் ஏர் ஆற்றில் மட்டும் காரணம் வேறு. கம்பளி ஆலைகளின் சலவைப்பொருள் சிதைந்து உண்டாகும் நோனைல்ஃபீனால் அங்கே மீன்களைப் பாதித்திருந்தது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது இங்கேதான். அதே வகைச் சலவைப்பொருள், மருந்து இலையில் பரவி ஒட்டுவதற்காகச் சேர்க்கும் திரவங்கள் சிலவற்றிலும் பயன்பட்டு வந்திருக்கிறது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. மருந்தின் பெயரை வைத்துத் தேடும் சோதனை அந்த ஒன்றைத்தான் தேடும். ஈஸ்ட், கலவை முழுவதன் விளைவையும் காட்டும். ஆனால் காரணம் எந்தப் பொருள் என்று அது சொல்லாது. தைராய்டு போன்ற மற்ற ஹார்மோன்களுக்குத் தனிச் சோதனை வேண்டும். நிறம் சிவந்தால் நோய் வந்துவிட்டது என்றும் பொருளல்ல. மேலும் ஆராய வேண்டும் என்ற எச்சரிக்கை அது.

இது ஆராய்ச்சிக்கூடத்தில் செய்யும் சோதனை. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். இத்தகைய ரசாயனங்களை நீக்க அதை நம்ப முடியாது. ஆகவே, அவை நீரில் சேராமல் பார்த்துக்கொள்வதே கைக்கு எட்டிய வழி:

• தெளிப்பானைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது.
• காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பு டேங்கிலேயே ஊற்ற வேண்டும்.
• அலசிய டப்பாவில் ஓட்டை போட்டுவிட வேண்டும். குடிநீரோ தானியமோ வைக்க அது ஆகாது.
• கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருந்து அடிக்கும் வயலுக்குப் போகக் கூடாது. மருந்து பட்ட துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.