பதிப்புப் பொருத்தம்

மணமக்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் வழக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கணிப்பொறி உலகில் ஒரு பொருத்தம் உண்டு; அதனைப் பாராதிருத்தல் இயலாது. அதுவே பதிப்புப் பொருத்தம்.

நாம் எழுதும் நிரல் தானே இயங்குவதன்று. அதனை இயக்க மொழிக்கருவி வேண்டும். வேலையை எளிதாக்கப் பிறர் ஆக்கிவைத்த சட்டகமும் வேண்டும். இவை யாவும் புதுப்புதுப் பதிப்புகளாக வெளிவருகின்றன. ஒன்று வளர மற்றொன்று நின்றுவிடின் இணக்கம் கெடும்.

பைத்தான் மொழியைக் காண்போம். அதன் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. பழைய குறைகளைக் களைவதற்காகவே பழைய நிரல்களோடு ஒத்துப்போகாதவாறு அதனை அமைத்தனர். இணையத்தளங்கள் அமைக்க உதவும் ஜாங்கோ என்னும் சட்டகம் 2017 ஏப்ரலில் வந்த 1.11 பதிப்புக்குப் பின் பழைய பைத்தானைக் கைவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வந்த 2.0 பதிப்பு மூன்றாம் பைத்தானில் மட்டுமே இயங்கியது. 2020 சனவரி முதல் நாளோடு இரண்டாம் பைத்தானுக்கு ஆதரவும் நின்றது.

இதனால் நமக்கென்ன என்பீர்கள். சென்ற விடுமுறையில், திருவனந்தபுரத்தை அடுத்துப் பொன்முடி மலையடியில் உள்ள கல்லாற்றில், நண்பர் இல்லத்தில் தங்கியிருந்தேன். மூத்த மாணவர் ஒருவர் எழுதிய, சொற்களின் நீளத்தைக் கணக்கிடும் நிரல் என்னிடம் இருந்தது. எந்தப் பதிப்புக்கு உரியது என்ற குறிப்பு அதில் இல்லை. ‘பிரின்ட்’ என்னும் கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமை கண்டு, அது பழைய பைத்தான் என உணர்ந்தேன். புதிய பைத்தான் அவ்வரியிலேயே நின்றுவிட்டது. அடைப்புக்குறி இட்டதும் நிரல் ஓடிற்று. ஆயினும் விடை மாறிற்று!

‘தமிழ்’ என்னும் சொல்லுக்குப் பழைய கருவி சொன்ன நீளம் 15. புதிய கருவி சொன்னது 5. காரணம் என்ன? த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என யூனிகோடில் அச்சொல்லுக்கு ஐந்து குறியீடுகள். யுடிஎப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். பழையது பைட்டுகளை எண்ணிற்று. புதியது குறியீடுகளை எண்ணிற்று. தமிழ் படித்த நாமோ மூன்று எழுத்து என்போம். அவ்வாறு எண்ணுதற்கு ‘ஓப்பன்-தமிழ்’ போன்ற தனி நூலகத்தின் துணை வேண்டும்.

நின்றுவிடும் நிரல் தன் நோயைத் தானே சொல்லிவிடுகிறது. ஓடிக்கொண்டே விடையை மாற்றும் நிரலே அஞ்சத்தக்கது. 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழைய பைத்தான் 3 என்றது, புதியது 3.5 என்கிறது. மதிப்பெண் கணக்கில் இவ்வேறுபாடு நேர்ந்தால் என்னாகும்?

ஆகவே, நிரலோடு கருவி, சட்டகம் ஆகியவற்றின் பதிப்பு எண்களையும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு பணிக்கும் தனிச் சூழல் அமையுங்கள். பதிப்பை மாற்றுமுன், விடை தெரிந்த கணக்குச் சிலவற்றைக் கொடுத்துச் சோதியுங்கள். நமக்குப் பின் வரும் மாணவர்க்கு நிரலை மட்டும் விட்டுச் செல்வது போதாது. அதனை இயக்கும் வழியையும் விட்டுச் செல்வதே கடமை.