மாதத் தவணை சொல்லாத கணக்கு: புதிய காரைக் குத்தகைக்கு எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கொச்சி: "முன்பணம் இல்லை, காப்பீட்டுக் கவலை இல்லை, மாதம் இவ்வளவு கட்டினால் போதும்" என்ற அழைப்புடன் புதிய கார்களைக் குத்தகைக்கு விடும் திட்டங்கள் பெருநகரங்களில் பரவி வருகின்றன. கலூரிலும் காக்கநாடு இன்ஃபோபார்க்கிலும் பணிபுரியும் ஊழியருக்கு, குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து சில ஆண்டுகளுக்கு மட்டும் வந்து தங்குபவருக்கு, இது வசதியான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் மாதத் தொகை, ஒப்பந்தத்தில் உள்ள எண்களிலேயே மிகக் குறைவான தகவலைத் தருவது. அதை மட்டும் வைத்து இரண்டு ஒப்பந்தங்களை ஒப்பிடுபவர் பெரும்பாலும் தவறான ஒன்றையே தேர்ந்தெடுப்பார்.

குத்தகை இந்தியாவுக்குப் புதிதன்று. நாட்டின் முதல் குத்தகை நிறுவனமாக அறியப்படும் ஃபர்ஸ்ட் லீசிங் கம்பெனி ஆஃப் இந்தியா 1973-இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. ஆனால் நெடுங்காலம் அது நிறுவனங்களுக்கு இடையிலான வணிகமாகவே இருந்தது. மாருதி சுசூகி 2020 ஜூலையில் குருகிராமிலும் பெங்களூருவிலும் தனிநபர்களுக்கான சந்தா முறையைத் தொடங்கியது. கியா நிறுவனம் 2024-இல் சென்னை உள்ளிட்ட ஆறு நகரங்களில் குத்தகைத் திட்டத்தை அறிவித்தபோது, சோனெட் காருக்கான மாதத் தொகை 21,900 ரூபாயில் தொடங்கும் என்றது. இன்று ஒருவர் காரைக் குத்தகைக்கு எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குத்தகை நிறுவனத்திடம் நேரடியாகப் பெறுவது. மற்றொன்று, பணிபுரியும் நிறுவனம் குத்தகைக்கு எடுத்து, அதன் தொகையை ஊழியரின் ஊதியத் தொகுப்பில் கழித்துக்கொள்வது. இரண்டின் வரிக் கணக்கும் வெவ்வேறு.

வாடகை எப்படி உருவாகிறது?

குத்தகைக்காரர் செலுத்துவது காரின் முழு விலையை அன்று. குத்தகைக் காலத்தில் கார் இழக்கும் மதிப்பையும், முடக்கப்பட்ட பணத்துக்கான வட்டியையும் மட்டுமே. ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். காரின் விலை 10 லட்சம் ரூபாய். 48 மாத முடிவில் அதன் மிச்ச மதிப்பு 4.5 லட்சம் என ஒப்பந்தம் கொள்கிறது. வட்டி 10 சதவீதம். மதிப்பிழப்பான 5.5 லட்சத்தை 48-ஆல் வகுத்தால் மாதம் 11,458 ரூபாய். தொடக்க மதிப்புக்கும் இறுதி மதிப்புக்கும் இடைப்பட்ட சராசரியான 7.25 லட்சத்துக்கு மாத வட்டி 6,042 ரூபாய். இரண்டும் சேர்ந்து 17,500 ரூபாய். கையிலுள்ள கைபேசியிலேயே போட்டுவிடக்கூடிய கணக்கு இது. தோராயமானதுதான் என்றாலும், நிறுவனம் கேட்கும் தொகை நியாயமானதா என்பதை உணர்த்திவிடும்.

இந்தக் கணக்கைப் போட விலை, மிச்ச மதிப்பு, வட்டி ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டின் நுகர்வோர் குத்தகைச் சட்டமும் அதன் விதிகளும், கார் குத்தகையின் மாதத் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை எழுத்தில் காட்டுமாறு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. இந்தியாவில் 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. ஆனால் அது கடனுக்கு உரியது. குத்தகை கேட்பவர் இந்த மூன்று எண்களையும் தாமே கேட்டு, மின்னஞ்சலில் பெற்றுக்கொள்வதே வழி.

பேரம் எங்கே தொடங்க வேண்டும்?

பலர் நேராக வாடகையில் பேரம் பேசுகின்றனர். முதலில் பேச வேண்டியது காரின் விலை. ஓணத்தை ஒட்டிக் கேரளத்தில் கார் நிறுவனங்கள் தனிச் சலுகைகளை அறிவிப்பது வழக்கம். ஆண்டு முடிவிலும் விலை தளரும். ஆனால் குத்தகையில் காரை வாங்குபவர் குத்தகை நிறுவனமே என்பதால், அந்தத் தள்ளுபடி யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதைக் கேட்டே அறிய வேண்டியிருக்கிறது. மேற்கண்ட உதாரணத்தில் விலை 50,000 ரூபாய் குறைந்தால் வாடகை 16,250 ஆகும். மாதம் 1,250 ரூபாய் மிச்சம். 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் 1,475. நான்கு ஆண்டுகளில் 70,800 ரூபாய். காரை ரொக்கத்துக்கு வாங்குபவர் 50,000 ரூபாய்க்காக அரை நாள் பேசுவார்; குத்தகை எடுப்பவர் அதைவிடப் பெரிய தொகையைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்.

மிச்ச மதிப்பைக் கூட்டியும் வாடகையைக் குறைத்துக் காட்டலாம். அப்படிச் செய்தால், முடிவில் காரைத் தாமே வாங்கிக்கொள்ள நினைப்பவர் அந்தக் கூடுதல் தொகையை அன்று செலுத்த வேண்டிவரும். காரைத் திருப்பித் தருவது உறுதி என்றால் உயர்ந்த மிச்ச மதிப்பு நல்லது. வைத்துக்கொள்ள எண்ணினால் அது ஒத்திவைக்கப்பட்ட செலவு.

ஜிஎஸ்டி விகிதத்தையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதமும், பெரிய கார்களுக்கு 40 சதவீதமும், மின்கார்களுக்கு 5 சதவீதமும் வரி விதிக்கப்படுகிறது. ஓட்டுநர் இல்லாத குத்தகைக்கும் அந்தந்தக் காருக்குரிய விகிதமே பொருந்தும். பெரிய கார் ஒன்றுக்கு 30,000 ரூபாய் வாடகை என்றால் அதன்மேல் 12,000 ரூபாய் வரி. விளம்பரத் தொகை வரிக்கு முந்தையதா பிந்தையதா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இரண்டு ஒப்பந்தங்கள், ஒரே கார்

அதே 10 லட்சம் ரூபாய் காருக்கு இரண்டு நிறுவனங்கள் தொகை சொல்வதாகக் கொள்வோம். முதல் நிறுவனம் காப்பீடு, பராமரிப்பு உட்பட 21,000 ரூபாய் கேட்கிறது. 60,000 கிலோமீட்டர் வரை ஓட்டலாம். வரியுடன் மாதம் 24,780. 48 மாதங்களுக்கு 11,89,440 ரூபாய். இரண்டாவது நிறுவனம் 17,500 மட்டுமே கேட்கிறது, வரியுடன் 20,650. மாதம் 4,130 ரூபாய் குறைவு. ஆனால் காப்பீடும் பராமரிப்பும் எடுப்பவர் பொறுப்பு. அவற்றுக்கு ஆண்டுக்கு 42,000 எனக் கொண்டால் மொத்தம் 11,59,200 ரூபாய். இதுவரையிலும் இரண்டாவதே மலிவு. ஆனால் அதன் வரம்பு 40,000 கிலோமீட்டர். மிகுந்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6 ரூபாய். நான்கு ஆண்டுகளில் 60,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் இன்னும் 1,20,000 ரூபாய் செலுத்துவார். மொத்தம் 12,79,200. மலிவாகத் தெரிந்தது 89,760 ரூபாய் அதிகமாக முடிகிறது. வார இறுதிதோறும் கோயம்புத்தூருக்கோ திருநெல்வேலிக்கோ சென்று வருபவர் தம் ஓட்டத்தை நேர்மையாக மதிப்பிட்ட பின்னரே கையெழுத்திட வேண்டும்.

இதே காரைக் கடனில் வாங்கினால்? 2 லட்சம் முன்பணம், மீதி 8 லட்சம் 9 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுக் கடன் என்றால் தவணை 19,908 ரூபாய். அடுத்த மூன்று ஆண்டுகளின் காப்பீடு, பராமரிப்பு அனைத்தும் சேர்ந்து 12,93,584 ரூபாய் ஆகும். நான்காம் ஆண்டு முடிவில் கார் 4.5 லட்சத்துக்கு விலைபோனால் நிகரச் செலவு 8,43,584. முதல் குத்தகையைவிட ஏறத்தாழ மூன்றரை லட்சம் குறைவு. முன்பணம் வேறிடத்தில் ஈட்டியிருக்கக்கூடிய வட்டி இதில் சேரவில்லை. சேர்த்தாலும் இடைவெளி மூடாது.

அந்த இடைவெளியை மூடக்கூடியது வருமான வரிதான், அதுவும் பணிபுரியும் நிறுவனம் வழியாக எடுப்பவருக்கு மட்டும். குத்தகைத் தொகை ஊதியத்திலிருந்து கழிய, அலுவல், சொந்தப் பயன் இரண்டுக்கும் உரிய காருக்கு ஒரு குறிப்பிட்ட சிறு தொகை மட்டுமே சலுகை மதிப்பாக வருமானத்தில் சேரும். 1962-ஆம் ஆண்டின் வருமான வரி விதிகளில் 1.6 லிட்டர் வரையிலான எஞ்சினுக்கு இது மாதம் 1,800 ரூபாய். அதற்கு மேல் 2,400. ஓட்டுநர் இருந்தால் கூடுதலாக 900. இந்த அளவில், 30 சதவீத அடுக்கில் வரி செலுத்துபவருக்கு நான்கு ஆண்டுகளில் சுமார் 3.44 லட்சம் ரூபாய் வரி மிச்சமாகும். குத்தகையும் கடனும் சமமாகிவிடும். 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு மிச்சம் சுமார் 2.29 லட்சமே, அவர் கடனில் வாங்குவதே நல்லது. புதிய வரிமுறையில் வருமானம் 24 லட்சத்தைத் தாண்டிய பின்னரே 30 சதவீதம் தொடங்குகிறது என்பதால், 10 லட்சம் ரூபாய் கார் வாங்கும் பலருக்கு அலுவலகத்தில் சொல்லப்படும் அளவு வரி லாபம் கிடைக்காது. வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. எனவே நடப்பிலுள்ள சலுகை மதிப்பை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கேட்டுக்கொள்வது அவசியம். அது உயர உயர லாபம் தேயும்.

மின்கார் வாங்குவோர் முன் இன்னொரு வகைக் குத்தகையும் உள்ளது. எம்ஜி விண்ட்சர் 2024 செப்டம்பரில் அறிமுகமானபோது, காருக்கு 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை எனப் பிரித்து விற்கப்பட்டது. மாதந்தோறும் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதைக் கேட்டால்தான் இதை மற்றவற்றோடு ஒப்பிட முடியும்.

பதிவெண்ணும் பொறுப்பும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 2(30) பிரிவு, குத்தகையில் உள்ள வாகனத்துக்கு அதைக் கைவசம் வைத்திருப்பவரையே 'உரிமையாளர்' என்கிறது. கார் நம்முடையதன்று என்றாலும் விபத்துப் பொறுப்பு நம்மை நோக்கி வரக்கூடும். எனவே காப்பீட்டு ஆவணத்தில் யார் பெயர் உள்ளது என்பதைப் படித்தே ஆக வேண்டும்.

பதிவெண் எந்த மாநிலத்துடையது என்பதும் முக்கியம். எர்ணாகுளத்துக்குக் கேஎல் 07, மட்டாஞ்சேரிக்குக் கேஎல் 43. வேறு மாநிலத்தில் பதிவான காரை 12 மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால் 47-ஆம் பிரிவின்படி புதிய பதிவெண் பெற வேண்டும். கேரளத்தின் சாலை வரியும் சேரும். கேரளத்தவர் சிலர் வரியைக் குறைக்கச் சொகுசுக் கார்களைப் புதுச்சேரியில் பதிவு செய்தது 2017-இல் பெரும் சர்ச்சையானது நினைவிருக்கலாம். இடையில் சென்னைக்கு மாற்றலானால் தடையில்லாச் சான்று யார் பெற்றுத் தருவது, வேலையை விட்டால் முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் எவ்வளவு என்பவையும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஊதியம் நின்றாலும் குத்தகை நிற்காது.

கொச்சிக்கு மழையும் ஒரு விதிமுறை. 2019 அக்டோபர் 21 அன்று பெய்த பெருமழையில் கலூர் துணை மின்நிலையத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. நீர் புகுந்து எஞ்சின் பழுதானால் சாதாரணக் காப்பீடு முழுமையாக ஈடுசெய்யாமல் போகலாம். எஞ்சின் பாதுகாப்பு இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார் முற்றிலும் சேதமடைந்தால் காப்பீடு தருவது அன்றைய மதிப்பை மட்டுமே. ஒப்பந்தப்படி மீதமுள்ள தொகை அதைவிட அதிகமாக இருந்தால் வித்தியாசம் குத்தகைக்காரர் தலையில் விழும். விலைச்சீட்டுத் தொகையை ஈடுசெய்யும் கூடுதல் காப்பீடு இதற்கு உதவும்.

காரைப் பெறும் நாளிலேயே நான்கு புறமும், உட்புறமும், ஓடிய தூரக் காட்டியும் தெரியும்படி படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பது, திருப்பித் தரும்போது எழும் தேய்மானத் தகராறுகளைக் குறைக்கும். முடிவில் காரை வாங்கிக்கொள்பவர், பதிவுச் சான்றில் உள்ள குத்தகைக் குறிப்பை நீக்கப் படிவம் 35-இல் நிறுவனத்தின் கையெழுத்தைப் பெற்று, பதிவு அலுவலகத்தில் அளிக்க வேண்டும்.