ஈரலுக்கு பரவிய புற்றுநோய்: இடையில் ஏன் இன்னொரு ஸ்கேன்?

ஊட்டி:
குடல் புற்றுநோய் ஈரலுக்கு பரவினால் கீமோதெரபி மருந்து ஏற்றுகிறார்கள். 2, 3 மாதத்தில் திரும்பவும் சி.டி. ஸ்கேன் எடுக்க சொல்வார்கள். "அதான் முதல்லயே எடுத்தாச்சே" என்று எஸ்டேட் தொழிலாளிக்கு தோன்றும். ஒரு நாள் கூலி போகும், கோவைக்கு மலை இறங்க வேண்டுமே!

ஆனால் மருந்து கேட்கிறதா என்று காட்டுவது அந்த ஸ்கேன்தான். கட்டிகளை அளந்து, பழைய படத்தோடு ஒப்பிடுவார்கள். கூட்டிப்பார்த்த அளவு 30 சதவீதம் குறைந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது. 20 சதவீதம் வளர்ந்தாலோ, புதுக்கட்டி தெரிந்தாலோ பொதுவாக மருந்தை மாற்றுவார்கள். கேட்காத மருந்தையே ஏற்றிக்கொண்டிருந்தால் வாந்தி, களைப்புதான் மிச்சம்.

சிலருக்கு தொடை ரத்தக்குழாயில் மெல்லிய டியூப்பை நுழைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே ஈரல் கட்டிக்கு நேராக மருந்து செலுத்துவதும் உண்டு. இது எல்லோருக்கும் ஒத்துவராது.

ஊட்டியில் 2022-ல் அரசு மருத்துவக்கல்லூரி வந்துவிட்டது. எது இங்கேயே நடக்கும், எதற்கு கோவை போகணும் என்று அங்கே முதலில் கேட்கலாம். கிட்னி கோளாறு இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சாய ஊசி ஆகாமல் போகலாம்.

எங்கே போனாலும் பழைய ஸ்கேன் பிலிம், சி.டி. கையில் இருக்கணும். அது இல்லாவிட்டால் கட்டி வளர்ந்ததா, சுருங்கியதா என்று டாக்டரால் சொல்ல முடியாது.