மலைக் குளிரை நம்பி சர்வர் வைக்கலாமா?

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். ‘இங்கே எதற்கு ஏசி, சர்வரை ஒரு மூலையில் வைத்தால் தானாகக் குளிர்ந்துகொள்ளும்’ என்று நினைப்பது இயல்பு. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியால் ஹார்ட் டிஸ்க்கும் மதர்போர்டும் பழுதாகின்றன, மின் கட்டணமும் ஏறுகிறது.

சர்வர் என்றதும் பெரிய அலுவலகம் நினைவுக்கு வர வேண்டாம். தங்கும் விடுதியின் கேமரா பதிவுப் பெட்டி, இ-சேவை மையத்தின் கணினி, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி என்று இரவு பகலாக ஓடும் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

சர்வர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறும். அந்த வெப்பத்தை அள்ளிச் செல்வது காற்று. மலையில் காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் அடர்த்தி குறைவு; 1,200 மீட்டர் உயரத்தில் சமவெளியைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே வேகத்தில் சுற்றும் விசிறி அந்த அளவுக்குக் குறைவான வெப்பத்தையே எடுத்துச் செல்லும். அதோடு, பெட்டியை மர அலமாரிக்குள் வைத்துக் கதவையும் மூடிவிட்டால் வெளியே எவ்வளவு குளிரடித்தும் பயனில்லை. பின்பக்கம் ஒரு சாண் இடம் விடுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் வெப்பநிலையை மென்பொருளில் பார்க்கலாம். 40 டிகிரியை ஒட்டி இருந்தால் நிம்மதி. 50 டிகிரியைத் தாண்டியே நின்றால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.

ஆனால் கொல்லிமலையில் நான் வெப்பத்தைவிட அதிகம் பயப்படுவது ஈரத்துக்குத்தான். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருப்பதால் அதன்மேல் பனி படியாது. இரவில் மின்சாரம் போய், யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்த பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. பெட்டி மெல்லக் குளிர்ந்துவிடும். காலையில் வெயில் ஏறும்போது காற்று சீக்கிரம் சூடாகும், உள்ளே இருக்கும் உலோகம் சூடாவதற்கு நேரமாகும். ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த உலோகத்தின் மேல் நீராகப் படியும். சரியாக அந்த நேரத்தில் மின்சாரம் திரும்பி, பெட்டி தானாக உயிர்பெற்றால் மதர்போர்டு போய்விடும். ‘மின்சாரம் வந்ததும் தானாக இயங்கு’ என்ற அமைப்பை மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அணைத்து வைப்பது நல்லது. அறை சூடேறிக் காற்று காய்ந்த பிறகு கையால் இயக்குங்கள். மேகம் இறங்கும் நேரங்களில் ஜன்னலைத் திறந்து வைத்து அந்தக் காற்றை விசிறியால் பெட்டிக்குள் இழுக்காதீர்கள். தரையிலும், ஈரம் ஊறும் சுவரை ஒட்டியும் வேண்டாம்.

இனி மின் கட்டணம். 100 வாட் இழுக்கும் பழைய கணினியை சர்வராக ஓடவிட்டால் நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசு தரும் இலவச யூனிட்டை அது ஒன்றே பெருமளவு விழுங்கிவிடும். 15 வாட்டில் ஓடும் சிறிய கணினி அதே இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டுக்குள் முடித்துவிடும். இலவசமாகக் கிடைத்தது என்று பழைய டவரை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ் அடுக்குகளின் விலையும் மாறிவிடும். உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று பிளக்கோடு பொருத்தும் சின்ன மீட்டரை வைத்து அளந்துவிடுங்கள்.

வோல்டேஜ் விஷயத்தில் நுகர்வோருக்கு உரிமை உண்டு. வீட்டுக்கு வரும் தாழ்வழுத்த மின்சாரம் அறிவித்த அளவிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. கொல்லிமலையின் செம்மேட்டில் இருந்தாலும் வளப்பூர் நாட்டில் கடைசிக் கம்பத்தில் இருந்தாலும் விதி ஒன்றுதான். ஸ்டெபிலைசர் வாங்கிச் சமாளிப்பதோடு நிறுத்தாமல், மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். தீராவிட்டால் மின்சாரச் சட்டம், 2003 பிரிவு 42-இன்படி அமைந்த நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் எழுத்தில் மனு கொடுக்கலாம். அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

பில் தவறு என்று தோன்றினால் பணம் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். அதே சட்டத்தின் பிரிவு 56-இன்படி இணைப்பைத் துண்டிக்க, எழுத்தில் முழுதாக 15 நாள் அறிவிப்பு தர வேண்டும். கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதச் சராசரியையோ, எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால் தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது.

விடுதி நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. வீட்டு இணைப்பில் வணிகம் நடத்தினால் பிரிவு 126 பாயும்: உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு, எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் ஓராண்டுக்கு. இந்த வழக்கைக் குறைதீர் மன்றம் எடுக்காது. தற்காலிக மதிப்பீடு கைக்கு வந்ததும் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். இறுதி உத்தரவும் பாதகமானால் 30 நாளுக்குள், பாதித் தொகையைக் கட்டி, பிரிவு 127-இல் மேல்முறையீடு செய்யலாம். இணைப்பின் கட்டண வகை மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பித்துவிட்டால் இந்த அலைச்சலே வராது.