சக்கரம் சாய்ந்தால் டயர் தேயும்!

(ஆட்டோமொபைல் பிரிவு, மூன்றாம் ஆண்டு மாணவன்)

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை. எண்ணூர் விரைவுச் சாலையில் மாமாவின் மாருதி 800 போய்க்கொண்டிருக்கிறது. முன்சீட்டில் நான். பின்சீட்டில் அத்தையும் அவர்களின் சின்னப் பெண்ணும். முன்னால் போன கன்டெய்னர் டிரெய்லர் திடீரென்று பிரேக் போட்டது. மாமாவும் போட்டார். வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போயிற்று. டிரெய்லரின் பின் கம்பிக்கும் எங்கள் பானெட்டுக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்றது. அத்தைக்கு அன்று ராத்திரி முழுக்கக் காய்ச்சல்.

மறுநாள் காலையில் முன்சக்கரத்தைத் திருப்பிவைத்துப் பார்த்தேன். டயரின் வெளிப்பக்கம் பட்டன் மாதிரி புதுசாக இருக்கிறது. உள்பக்கம் கை வைத்தால் மொட்டை! ஓர் இடத்தில் நூல் தெரிகிறது.

"இன்னா மாமா, டயரு இப்டி கீது? பாக்கவே இல்லியா?"

"வெளிய நல்லாத்தானேடா இருந்திச்சு. உள்ள யாருடா குனிஞ்சு பாப்பாங்க?"

மாமா சொன்னது நியாயம்தான். நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்க்கிறோம்? அந்த வண்டி மாமா கைக்கு வந்ததே செகண்டு ஹேண்டில். முன்பு வைத்திருந்தவர் ஷோக்குப் பேர்வழி. 12 அங்குல ரிம்மைக் கழற்றி 13 அங்குல அலாய் வீல் போட்டிருந்தார். ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று அறுத்து வண்டியைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தார். பார்க்க சூப்பர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு நிற்கும். இந்தச் சாய்வுக்குத்தான் 'கேம்பர்' என்று பெயர்.

நண்பர்களே, கேம்பர் என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வண்டிக்கு நேர் முன்னால் நின்று பாருங்கள். சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்தால் நெகடிவ், வெளியே சாய்ந்தால் பாசிடிவ், செங்குத்தாக நின்றால் பூஜ்யம். நெகடிவ் அதிகமானால் டயரின் உள்விளிம்பு தேயும், பாசிடிவ் அதிகமானால் வெளிவிளிம்பு தேயும்.

அப்படியானால் ரேஸ்காரர்கள் ஏன் வேண்டுமென்றே நெகடிவ் வைக்கிறார்கள்? நம் வடசென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் கார் ரேஸ் நடந்தது பெரியவர்களுக்குத் தெரியும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் டிராக் வந்தது. அங்கே வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் சாயும். அதோடு வெளிச் சக்கரமும் சாயும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் டயர் முழு அகலத்துக்கும் ரோட்டில் உட்காரும். அது அவர்கள் கணக்கு. நாம் ஓட்டுவது திருவொற்றியூரிலிருந்து மணலிக்கு, அதுவும் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து. நமக்கு எதற்கு அந்தச் சாய்வு?

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு வரும் பழைய லாரிகளைப் பாருங்கள், அங்கே கதை தலைகீழ். கட்டையான ஒரே அச்சில் முன்சக்கரங்கள் கொஞ்சம் பாசிடிவாக இருக்கும். லோடு ஏறி அச்சு லேசாக வளைந்ததும் சக்கரம் நேராக வரட்டும் என்பதற்காக. ஆக, சரியான கேம்பர் என்று உலகத்துக்கே பொதுவாக ஒன்று கிடையாது. அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான்.

வண்டியை இறக்கினால் கேம்பர் ஏன் மாறுகிறது? மாருதி 800-ன் முன்னால் இருப்பது மாக்பர்சன் ஸ்ட்ரட். கீழே ஒரு கை (லோயர் ஆர்ம்), மேலே நீளமான ஷாக் அப்சார்பர், அதன் உச்சி பாடியில் முடுக்கியிருக்கும். நிலையில் அந்தக் கை கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். பாடியை இறக்கினால் கை நேராகி, அதன் நுனி சக்கரத்தின் அடியை வெளியே தள்ளுகிறது. உச்சி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடி வெளியே போனால் தலை உள்ளே வந்ததாகத்தானே அர்த்தம்? அவ்வளவுதான் விஷயம்.

முதலில் அளக்க வேண்டும். அலைன்மென்ட் கடைக்கு ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. நான் பயன்படுத்தியவை: மேஸ்திரி வைத்திருக்கும் தூக்குக்குண்டு, ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல், கொஞ்சம் தகடு. அப்பா இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர். அவர் சொல்லி, ஸ்கிராப் கடையில் 3 மி.மீ. தகட்டில் ஓரடிக்கு ஓரடித் துண்டுகள் எட்டு எடை போட்டு வாங்கினோம். துண்டு ஒன்று இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், மொத்தம் சுமார் 17 கிலோ.

தெருவில் வண்டியை நிறுத்தி, மட்கார்டின் மேலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். நூல் டயரின் புடைப்பில் படாமல் தள்ளி நிற்க வேண்டும். காற்றில் குண்டு ஆடிக்கொண்டே இருந்தால் ஒரு மக் தண்ணீருக்குள் இறக்கிவிடுங்கள், அடங்கிவிடும். பிறகு நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கு எத்தனை மி.மீ., கீழ் விளிம்புக்கு எத்தனை மி.மீ. என்று அளந்து கழிக்க வேண்டும். மேலே தூரம் அதிகம் என்றால் நெகடிவ். எங்கள் அலாய் ரிம் விளிம்புக்கு விளிம்பு 355 மி.மீ. ஒரு டிகிரிக்கு டேன்ஜென்ட் 0.01746. பெருக்கினால் 6.2 மி.மீ. அதாவது வித்தியாசம் 6.2 மி.மீ. இருந்தால் கேம்பர் ஒரு டிகிரி. முதல் வருடம் கணக்குப் பாடத்தில் தூங்கி வழிந்த அதே டேன்ஜென்ட்தான், ஐயா!

முதல் நாள் இடது சக்கரத்தில் 17, வலதில் 9 வந்தது. இவ்வளவு வித்தியாசமா என்று பயந்துவிட்டேன். அப்பா எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"டேய், தெருவே சாக்கடைப் பக்கம் சாஞ்சு கெடக்கு. வண்டி சாயாதா?"

படிக்காதவர் சொன்ன இந்த ஒரு வார்த்தைதான் அன்றைய பாடம். டியூப் லெவல் பிடித்துப் பார்த்தால் வலது பக்கம் 7 மி.மீ. தாழ்வு. இரண்டு முன்சக்கரத்துக்கும் நடுவே சுமார் 1215 மி.மீ. ஆக மூன்றில் ஒரு பங்கு டிகிரி தரையே சாய்ந்திருக்கிறது. ஒரு சக்கரத்தில் 2 மி.மீ. கூடும், மற்றதில் 2 மி.மீ. குறையும். வலது பக்கம் முன்னும் பின்னும் தகடு கொடுத்து 7 மி.மீ. உயர்த்தி மறுபடி அளந்தேன். இடது 15, வலது 11. டிகிரியில் 2.4, 1.8.

அளக்கும்போது வேறு சில ஏமாற்றங்களும் உண்டு. டயர் காற்று இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். ரிம் லேசாக நெளிந்திருக்கலாம், அதனால் சக்கரத்தை அரைச் சுற்று திருப்பி மறுபடி அளந்து சராசரி எடுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளந்தால் டயர் ரோட்டைப் பிடித்துக்கொண்டு நிலைக்கு வராது. அதற்குத்தான் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு தகடு, நடுவே கிரீஸ். வண்டியை நாலு தடவை அமுக்கிவிட்டால் சக்கரம் வழுக்கிக்கொண்டு தன் இடத்துக்கு வந்துவிடும். இதைச் செய்யாமல் அளந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணாக்கினேன்.

இனி திருத்துவது. இதில் நான் அடித்துச் சொல்வேன்: முதலில் தேய்ந்ததை மாற்று, பிறகு திருத்து. இடது பக்கம் லோயர் ஆர்ம் புஷ் பிய்ந்துபோயிருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன சரி செய்தாலும் மறுநாள் ஓடிவிடும். பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் உச்சியிலிருக்கும் ரப்பர் மவுன்ட் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். அடுத்து அந்த அறுத்த ஸ்பிரிங். கம்பெனி உயரத்துக்கு நல்ல ஸ்பிரிங் ஒரு ஜோடி பழைய பார்ட்ஸ் கடையில் கிடைத்தது. ஸ்பிரிங் மாற்றுவதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டோம். அமுக்கிவைத்த ஸ்பிரிங் நழுவினால் முகம் போய்விடும். நண்பர்களே, இதில் வீரம் காட்டாதீர்கள். வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள்.

புஷ்ஷும் ஸ்பிரிங்கும் மாற்றியதும் இடது 7, வலது 5. பார்த்தீர்களா? கேம்பரில் கை வைக்காமலே பாதிக்கு மேல் குறைந்துவிட்டது! மலிவான கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் எது என்று என்னைக் கேட்டால், கெடுத்ததைத் திரும்ப ஒழுங்காக வைப்பதுதான் என்பேன்.

மிச்சத்துக்கு ஒரு சின்ன வழி. ஸ்ட்ரட்டும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் இரண்டு போல்ட்டில் சேர்கின்றன. போல்ட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருக்கும். போல்ட்டுகளுக்கு இடையே 50 மி.மீ. என்றும், ஒவ்வொன்றிலும் 0.2 மி.மீ. ஆட்டம் என்றும் வையுங்கள். மேலே ஒரு பக்கமும் கீழே எதிர்ப்பக்கமும் தள்ளினால் 50-க்கு 0.4, ஏறக்குறைய அரை டிகிரி. நட்டுகளைத் தளர்த்தி, ஒருவர் சக்கரத்தின் தலையை வெளியே இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் முடுக்க வேண்டும். மாமா இழுத்தார், நான் முடுக்கினேன். இடது 4, வலது 2.5 ஆயிற்று.

இதுவும் போதாது என்றால் 'கேம்பர் போல்ட்' என்று விற்கிறார்கள். அதன் தண்டில் ஒரு பகுதி மையம் விலகியிருக்கும். திருப்பினால் நக்கிளைத் தள்ளும். இடது பக்கம் ஒன்று மட்டும் போட்டு 2-க்குக் கொண்டுவந்தேன்.

சில பட்டறைகளில் ஓட்டையை அரத்தால் ராவி நீளமாக்குவார்கள், அல்லது கேஸ் வைத்துச் சூடாக்கி ஸ்ட்ரட்டையே வளைப்பார்கள். எனக்கு இரண்டும் உடன்பாடில்லை. ராவிய ஓட்டையில் போல்ட்டின் பிடிமானம் ஒன்றுதான் சக்கரத்தை நிறுத்திவைத்திருக்கும். பள்ளத்தில் ஒரு அடி விழுந்தால் நழுவும். சூடாக்கிய இரும்பு பழைய பலத்தோடு திரும்பி வராது. நான்கு உயிர் உட்காரும் வண்டி அது. நட்டுகளைக் கழற்றினால் புது லாக் நட் போட்டு, டார்க் ரென்ச்சில் கையேடு சொல்லும் அளவுக்கு முடுக்குங்கள். முடுக்கிய பின் நட்டிலும் ஸ்ட்ரட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு. 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் நழுவியிருக்கிறது.

கேம்பர் முடிந்ததும் 'அப்பாடா' என்று உட்காரக் கூடாது. சக்கரத்தின் சாய்வு மாறினால் டை ராட் இருந்த இடத்திலேயே இருப்பதால் 'டோ'வும் மாறிவிடும். டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரமும் முன்னால் விரிகிறதா, குறுகுகிறதா என்பது. உண்மையில் டயரைத் தின்பதில் கேம்பரைவிடப் பெரிய திருடன் இதுதான். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு ஒரு ஆணியால் டயரின் நடுவில் கோடு கிழித்தேன். வண்டியை இறக்கி, இரண்டு கோட்டுக்கும் நடுவே அச்சு உயரத்தில் முன்னாலும் பின்னாலும் அளந்தால், முன்னால் 6 மி.மீ. அதிகம்! சக்கரத்துக்கு 3 மி.மீ. டயரின் விட்டம் 545 மி.மீ. கணக்குப் போட்டால், வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது ஒவ்வொரு டயரும் ஐந்தரை மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பிச் சரிசெய்தோம். ஒரே பக்கம் திருப்பினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும்.

கடைசியில் ஒரே ஒரு தடவை அலைன்மென்ட் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர் காட்டியது: இடது நெகடிவ் 25 நிமிடம், வலது நெகடிவ் 30 நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி). என் தூக்குக்குண்டுக் கணக்கு இடது 19, வலது 24. ஆறு நிமிடம்தான் வித்தியாசம், அதாவது பத்தில் ஒரு பங்கு டிகிரி! கடைக்காரர் "எங்க பாத்தீங்க தம்பி?" என்று கேட்டார். "தெருவுல அண்ணே" என்றேன். சிரித்தார், நம்பவில்லை. ஆனால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வான காஸ்டரை என் முறையில் அளக்க முடியாது. அதற்கு அந்த மெஷின் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே மாமா அலாய் வீலையும் கழற்றிவிட்டு 12 அங்குல ரிம்முக்கே திரும்பப் போகிறார். அதற்காகக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறார். அப்போது 355-க்குப் பதில் புது ரிம்மின் அளவைப் போட்டு மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும்.

முன்னால் இரண்டு புது டயர் போட்டு 3000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. போன வாரம் டயர் பள்ளத்தின் ஆழம் பார்த்தேன். உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் கால் மி.மீ. கூட வித்தியாசம் இல்லை. தகடுகள் எட்டும் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. கிரீஸ் தரையில் ஒட்டுகிறது என்று அம்மா தினமும் திட்டுகிறார்.